பத்தாத வயிறு

விடுதியில் தங்கிப் படிக்கிற எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் செல்போனில் ஒரு விளையாட்டைக் காட்டினான். பனி கொட்டுகிற காடு. மரக்கட்டைகளை நட்டுக் கட்டிய கோட்டை. விளையாடுகிறவன் கையில் துப்பாக்கி. இருட்டிலிருந்து மான் கொம்பும் மண்டையோட்டு முகமுமாக ஒன்று பாய்ந்து வருகிறது. 'வெண்டிகோண்ணே. செவ்விந்தியங்களோட பேயாம். மனுசனத் தின்னுமாம்' என்றான். கொஞ்ச நேரம் ஆடிவிட்டு அவனே சொன்னான்: 'ஆனா இந்த கேம்ல செவ்விந்தியன் ஒருத்தன்கூட இல்லண்ணே.'

பேய் இருக்கிறது. அந்தப் பேயைப் பற்றிக் கதை சொல்லிப் பிள்ளை வளர்த்த சனங்களைக் காணோம். துப்பாக்கி மட்டும் வெளியிலிருந்து வந்தவன் கையில் இருக்கிறது. பையன் ஒரு வரியில் சொன்னதை நான் பல மாசமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் தமிழ் எம்.ஏ. படித்தவன், மானிடவியல் என் துறை இல்லை. இருந்தும் விடாமல் படித்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கனடாவின் வடக்குக் காடுகளிலும் பேரேரிகளின் கரைகளிலும் வாழ்கிற அல்கோங்கியன் மொழிக் குடும்பத்து மக்களின் கதைகளில் வருவது இது. கிரீ மக்கள் வீத்திகோ என்கிறார்கள். ஒஜிப்வே மக்கள் விண்டிகோ என்கிறார்கள். அவர்கள் சொன்ன பழைய கதைகளில் மான் கொம்பு இல்லை. கொம்பு பின்னால் சினிமாக்காரர்கள் மாட்டிவிட்டது. ஏரியும் ஆறும் உறைந்து, மூஸ் மான் கிடைக்காமல், முயலும் அற்றுப்போன கடுங்குளிர் காலத்தில் வருவது விண்டிகோ. எலும்பும் தோலுமான உடம்பு. பசி தாங்காமல் தன் உதட்டையே கடித்துத் தின்றுவிட்ட வாய். நெஞ்சில் பனிக்கட்டி. ஓர் ஆளைத் தின்றால் அந்த அளவுக்கு அதன் உடம்பு வளர்ந்துவிடும். வயிறும் கூடவே பெருத்துவிடும். ஆகவே எத்தனை பேரைத் தின்றாலும் பத்தாது.

இதைவிட முக்கியமான விசயம் ஒன்று இருக்கிறது. பல கதைகளில் இந்தப் பேய் மனிதனாக இருந்ததுதான். பட்டினியில் மனித மாமிசம் தின்றவன் விண்டிகோ ஆகலாம். கனவில் அது கூப்பிட்டவனும் ஆகலாம். புருசன் ஆகலாம், பெற்ற தாய் ஆகலாம், நானே ஆகலாம். ஆகிவிடுவோமோ என்று பயந்து, 'அதற்குள் என்னைக் கொன்றுவிடுங்கள்' என்று உறவினரிடம் கேட்டுக்கொண்டவர்களைப் பற்றியெல்லாம் பதிவுகள் இருக்கின்றன. மருந்தும் சொல்லப்பட்டிருக்கிறது: காய்ச்சிய கொழுப்பைக் குடிக்கக் கொடுத்து நெஞ்சிலுள்ள பனிக்கட்டியை உருக்குவது. சில கதைகளில், அந்தப் பனி உருகி முடிந்தால் நடுவில் ஒரு சாதாரண மனுசன் கிடக்கிறான்.

இனி இன்னொரு வகைப் பேயைப் பார்ப்போம். 1492இல் கரீபியத் தீவுகளுக்கு வந்து சேர்ந்த கொலம்பஸ், பக்கத்துத் தீவுகளில் மனிதரைத் தின்னும் 'கனிபா' என்ற சனங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தான். வந்த இடம் நம் நாடு என்று நினைத்து அந்த மக்களுக்கு நம் நாட்டின் பேரை வைத்தவனும் அவன்தான். ஐரோப்பிய மொழிகளில் நரமாமிசம் தின்பவனைக் குறிக்கிற 'கானிபல்' என்ற சொல் அந்தக் 'கனிபா'விலிருந்து வந்தது. சொல் சும்மா கிடக்கவில்லை. 1503இல் ஸ்பெயின் ராணி இசபெல்லா, அப்படி மனிதரைத் தின்பவர்களைப் பிடித்து அடிமையாக விற்கலாம் என்று அனுமதி கொடுத்தாள். ஒரு மக்களுக்குப் பேய் என்று பேர் வைத்துவிட்டால் அவர்களைப் பிடிக்கலாம், விற்கலாம், கொல்லலாம். முதலில் பேர் வருகிறது, பின்னாலேயே உத்தரவு வருகிறது.

1893இல் வரலாற்றாசிரியர் பிரெடரிக் ஜாக்சன் டர்னர் சிகாகோவில் ஓர் உரை நிகழ்த்தினார். அமெரிக்காவை உருவாக்கியது அதன் 'எல்லைப்புறம்' என்றார். எல்லைப்புறம் என்றால் நாகரிகமும் காட்டுமிராண்டித்தனமும் சந்திக்கிற இடம் என்பது அவர் கணக்கு. எனக்கு இதில் ஒரு சின்னச் சந்தேகம். அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததே, அவர்களுக்கு அது எல்லைப்புறமா, வீடா? அடுத்தவன் வீட்டுக்கு 'எல்லைப்புறம்' என்று பேர் வைத்த பிறகு அந்த வீட்டிலிருந்து வெளியே வருகிற எல்லாமும் பூதமாகத்தான் தெரியும்.

இந்த வாசிப்பு நமக்குப் புதுசில்லை. ஜோதிராவ் பூலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி'யில், புராணத்தில் அசுரனாக்கப்பட்ட பலியை இந்த மண்ணின் அரசனாக வாசித்தார். அந்த நூலை, அடிமைகளை விடுவித்ததற்காக அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அதே ஆண்டில் அந்த அமெரிக்கா தன் மேற்கில் மோடோக் பூர்வகுடிகளோடு போர் நடத்திக்கொண்டிருந்தது. பூலேயைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் சங்கிலியை அறுக்கிற கை அடுத்த வீட்டில் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும் என்பதைக் கவனத்தில் வைக்கச் சொல்கிறேன்.

ஆக இரண்டு வகைப் பேய்க்கதைகள் இருக்கின்றன. ஒன்றில் பேய் எப்போதும் அடுத்தவன். அதைச் சொல்கிறவன் கையில் ஆயுதம் இருக்கும். இன்னொன்றில் பேய் நானாகவும் ஆகலாம். அதைச் சொல்கிறவனுக்குத் தன்மேலேயே ஒரு பயம் இருக்கும். இந்த இரண்டாவது கதையை முதல் கதையாக மாற்றியதுதான் புத்தகக்காரர்களும் சினிமாக்காரர்களும் செய்த வேலை. 1910இல் ஆல்ஜெர்னான் பிளாக்வுட் என்ற ஆங்கில எழுத்தாளர் 'தி வெண்டிகோ' என்று ஒரு கதை எழுதினார். அதில் வேட்டைக்குப் போகிற வெள்ளைக்காரர்களைப் பயமுறுத்துகிற காட்டுச் சக்தியாகிவிட்டது அது. ஸ்டீபன் கிங்கின் 1983ஆம் ஆண்டு நாவலில் பூர்வகுடிகளின் பழைய இடுகாட்டை ஆட்டிவைக்கிறது. இன்று அந்தப் பையனின் செல்போனில் சுட்டுத் தள்ள வேண்டிய இலக்காகிவிட்டது. 'நீ பேயாகிவிடாதே' என்று ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன புத்திமதி, 'அங்கே பேய் இருக்கிறது, சுடு' என்று ஆகிப்போனது.

இதோடு நிறுத்தினால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் கதைகளுக்குள் நிஜ மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

1878-79 குளிர்காலம். இன்றைய ஆல்பர்ட்டா மாகாணத்தின் காட்டில் ஸ்விஃப்ட் ரன்னர் என்ற கிரீ வேட்டைக்காரர் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டார். பட்டினியில் மூத்த மகன் செத்தான். பிறகு அவர் தன் மனைவியையும் மற்றப் பிள்ளைகளையும் கொன்று தின்றார். 1879 டிசம்பரில் சாஸ்கட்சுவான் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் பண்டகசாலை சுமார் 25 மைல் தூரத்தில் இருந்தது. போயிருக்கலாமே என்று கேட்கிறார்கள். அதனால்தான் இவரை வெறும் பட்டினிக்காரர் என்று விட்டுவிட முடியாமல் விண்டிகோ என்கிறார்கள். அவர் செய்ததை நான் நியாயப்படுத்த வரவில்லை. செத்த பிள்ளைகளுக்கு எந்தத் தத்துவமும் பதில் சொல்லாது.

ஆனால் அதே ஆண்டுகளில் சமவெளியில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்கணும். காட்டெருமைக் கூட்டங்கள் அற்றுப்போயின. பஞ்சம் வந்தால் அரசு உதவும் என்று 1876இல் போட்ட 6ஆம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. பஞ்சம் வந்தது. அரசோ உணவுப் பங்கீட்டை ஆயுதமாக்கியது. பட்டினி விளிம்புக்கு வருகிற வரை உணவைக் கொடுக்காமல் செலவைக் குறைக்கிறோம் என்று 1882இல் பிரதமர் மெக்டொனால்டு நாடாளுமன்றத்திலேயே சொன்னார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் தாக்குப்பிடித்த தலைவர் 'பெரிய கரடி' அந்த 1882 டிசம்பரில், தன் சனங்களின் பசியைப் பார்த்துச் சகிக்காமல் கையெழுத்துப் போட்டார். கிட்டங்கியில் உணவை வைத்துக்கொண்டு, சனங்கள் எலும்பாகிற வரைக்கும் காத்திருந்து, நிலத்தை எழுதி வாங்குகிறவனுக்கு என்ன பேர்? அவனைத் தூக்கிலிடவில்லை. அவன் படத்தை 1971இல் கனடாவின் பத்து டாலர் நோட்டில் அச்சடித்தார்கள்.

பசித்தவன் வேறு, பத்தாதவன் வேறு. இதுதான் விண்டிகோக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்கிற முதல் பாடம். பசி குற்றமில்லை. பசிக்கு ஓர் அளவு உண்டு. ஒரு கை சோற்றில் அடங்கும். தின்னத் தின்னப் பெரிசாகிற வயிறுதான் பேய். ஒஜிப்வே எழுத்தாளர் பேசில் ஜான்ஸ்டன் 1995இல் எழுதிய நூலில், விண்டிகோக்கள் சாகவில்லை, காடுகளைத் தின்கிற பெரிய கம்பெனிகளாக உருமாறியிருக்கின்றன என்ற பொருளில் எழுதினார். பூர்வகுடிச் சிந்தனையாளர் ஜாக் ஃபோர்ப்ஸ், கொலம்பஸ் வந்த 500ஆம் ஆண்டான 1992இல், 'கொலம்பஸும் பிற நரமாமிசத் தின்னிகளும்' என்று தன் நூலுக்குத் தலைப்பு வைத்தார். அடுத்தவன் உயிரைத் தன் லாபத்துக்குத் தின்பதுதான் வீத்திகோ நோய் என்றார். கிரீ எழுத்தாளர் டாம்சன் ஹைவே 1998இல் எழுதிய நாவலில், உறைவிடப் பள்ளியில் பிள்ளைகளைச் சிதைக்கிற பாதிரியாரே வீத்திகோவாக வருகிறார். அந்தப் பள்ளிகளில் 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் அடைத்தார்கள் என்று 2015இல் உண்மை அறியும் ஆணையம் அறிக்கை கொடுத்தது. அங்கே சில பள்ளிகளில் 1940களின் கடைசியில் ஊட்டச்சத்துச் சோதனை என்று சொல்லி, பசித்த பிள்ளைகளைப் பசித்தபடியே வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். 'கானிபல்' என்று பேர் வைத்தவனுக்கே அந்தப் பேரைத் திருப்பிக் கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் திருப்பிக் கொடுத்த கையோடு நாம் சுத்தமாகிவிடுகிறோமா? இங்கேதான் எனக்கு இடறுகிறது. 1907ஆம் ஆண்டு வழக்கு ஒன்று இருக்கிறது. வடமேற்கு ஒன்டாரியோவின் சேண்டி ஏரிப் பக்கம் ஜாக் ஃபிட்லர் என்ற தலைவர் இருந்தார், மருத்துவரும் அவரே. வாழ்நாளில் 14 விண்டிகோக்களை ஒழித்தவர் என்று பேர். 1906இல் அவரும் தம்பி ஜோசப்பும், கடுமையான நோயில் வலியாலும் பிதற்றலாலும் துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, விண்டிகோ ஆவதற்குள் கொன்றார்கள். அவள் ஜோசப்பின் மருமகள். அடுத்த ஆண்டு குதிரைப்படைப் போலீஸ் வந்து இருவரையும் பிடித்தது. ஜாக் காவலிலிருந்து தப்பிப் போய்த் தூக்குப் போட்டுக்கொண்டார். ஜோசப்புக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு முறையீடுகள் போயின, தண்டனை குறைந்தது. கடைசியில் விடுதலை உத்தரவு வந்து சேர்வதற்கு 3 நாள் முன்பு, 1909இல், சிறையிலேயே அவர் செத்தார். 1910இல் அந்தச் சனங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

யார் பக்கம் நிற்பது? அந்தக் காட்டைத் தன் சட்டத்துக்குள் கொண்டுவர ஒரு கொலைவழக்கு அரசுக்குத் தேவைப்பட்டது என்பது தெரிகிறது. அந்தச் சகோதரர்கள் தங்கள் சனத்தைக் காப்பாற்றுவதாக நம்பித்தான் செய்தார்கள் என்பதும் தெரிகிறது. வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு தரப்பையும்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த மருமகளின் ஞாபகம்தான் வருகிறது. 'வாசகபீக்வே' என்று அவள் பேர் பதிவாகியிருக்கிறது. அவளுக்கு என்ன நோய், அவள் சாக ஒப்புக்கொண்டாளா என்று அவள் வாயால் சொன்ன ஒரு சொல்லும் இல்லை. 1982இல் மானிடவியலாளர் லூ மரானோ, 'விண்டிகோப் பைத்தியம்' என்று மருத்துவர்கள் எழுதிவைத்த நோய்க்கு நேரில் பார்த்த நம்பகமான சாட்சியம் கிடையாது என்று வாதிட்டார். நெருக்கடிக் காலத்தில் சுமையாகிப்போனவர்களைக் கொல்வதற்கு அந்தப் பேர் பயன்பட்டிருக்கலாம் என்றார். இதை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் ஒடுக்கப்பட்ட சனங்களின் பேய்க்கதைக்குள்ளும் ஒரு நாதியற்ற பெண் கழுத்து நெரிபட்டுக் கிடக்க முடியும் என்பதை நான் மறைக்க மாட்டேன். மறைத்தால் நான் செய்வது அரசியல் இல்லை, பூசை.

ஆகவே பேய் என்று பேர் வைக்கிற அதிகாரம் யார் கையில் இருந்தாலும் ஆபத்துதான். நம் கையில் இருந்தாலும்கூட. விண்டிகோக் கதை உயிரோடு இருப்பது ஒரு விரல் என் பக்கமும் நீண்டிருக்கிற வரைக்கும்தான்.

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன். நான் சாட்சியங்கள் சேகரிக்கிறவன். நம் சனங்களுக்கு எங்கே என்ன நடந்தாலும் போவேன். கேட்பேன், எழுதுவேன். எங்கள் மாவட்டத்தில் ஓர் ஊர், பேரை எழுதவில்லை. மகனைப் பறிகொடுத்த ஓர் ஆயா. முதல் தடவை நோட்டோடு போனேன். இரண்டாம் தடவை செல்போனில் பதிவு செய்தேன். எழுதியது வெளிவந்தது. ஒரு கூட்டத்தில் தோழர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, 'படிச்சிட்டுத் தூங்க முடியல தோழர்' என்றார்கள். நான் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். கொஞ்ச நாளில் வேறொரு ஊரிலிருந்து ஒரு சாவுச் செய்தி வந்தது. போனை வைப்பதற்குள் என் மனசில் முதலில் வந்தது ஒரு தலைப்பு. அழுகை வரவில்லை, தலைப்பு வந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆயாவிடம் மூன்றாம் தடவை போனேன். தொகுப்பாக வருகிறது, இன்னும் கொஞ்சம் விவரம் வேணும் என்றார்கள். பிணத்தை முதலில் பார்த்த நிமிசத்தைப் பற்றிக் கேட்டேன். ஆயா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'அன்னிக்குச் சொன்னது பத்தலியா தம்பி?' என்றது.

கோபமாகச் சொல்லவில்லை. கடன்காரனிடம், 'வேற இல்லப்பா' என்று சொல்கிற குரல்தான். அதற்கப்புறம் உள்ளே போய்க் கஞ்சியும் வறுத்த மிளகாயும் கொண்டுவந்து வைத்தது. 'மொதல்ல குடி. வெயில்ல வந்துருக்கற' என்றது. குடித்தேன். செல்போனை வெளியே எடுக்கவில்லை.

மணிமேகலையில் காயசண்டிகை என்று ஒருத்தி வருவாள். ஒரு முனிவனுக்கான நாவற்பழத்தைத் தெரியாமல் மிதித்ததற்காக, 12 ஆண்டு அடங்காத யானைத்தீப் பசியைச் சாபமாக வாங்கியவள். எம்.ஏ. வகுப்பில் அதை ஊழ்வினை என்று எழுதி மார்க் வாங்கினேன். சாபம் கொடுத்தவனின் பசியைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த நோயைத் தீர்த்தது மணிமேகலை தன் கையால் இட்ட ஒரு பிடி சோறு. அங்கே காய்ச்சிய கொழுப்பு, இங்கே அமுதசுரபிச் சோறு. ஒன்றையொன்று அறியாத இரண்டு கதைகள். இரண்டிலும் பத்தாத வயிற்றை அடக்கியது இன்னொருத்தர் கொடுத்ததுதான், பிடுங்கித் தின்றது இல்லை.

தோழர்கள் கேட்பார்கள்: அப்படியென்றால் எழுதுவதை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் யாருக்கு லாபம்? சரியான கேள்வி. நாம் வாயை மூடிக்கொண்டால் வாசகபீக்வேக்களின் எண்ணிக்கைதான் கூடும். விண்டிகோக் கதையும் வேட்டைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. அளவோடு எடு, பங்கு வை, தனியாகத் தின்னாதே என்று சொல்வதாகத்தான் நான் வாசிக்கிறேன். சாட்சியத்துக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும். யாருடைய வாழ்க்கையோ அவருக்கு முதலில் படித்துக் காட்டணும். வேணாம் என்றால் வேணாம். எழுத்து வந்தபிறகும் அந்த வீட்டுக்குப் போகணும், கையில் நோட்டு இல்லாமல். இதை ஊருக்குச் சட்டமாகச் சொல்லவில்லை. என் நெஞ்சில் எத்தனை பனி ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள எனக்கு நானே வைத்துக்கொண்ட அளவுகோல்.

போன மாசம் நான்காம் தடவை போனேன். எழுதியதை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, ஓர் இடத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னது. 'அது எனக்கும் எம் புள்ளைக்கும் உள்ளது' என்றது. அந்த ஒரு பத்திதான் கட்டுரையின் உயிர் என்று நான் நினைத்திருந்தேன்.

எடுத்துவிட்டேன். தொகுப்பில் அந்தப் பக்கம் கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கும்.